கொய்யா வரிசைகளுக்கு இடையே சணப்பும் தட்டைப்பயறும்: இரண்டு மழைக்காலங்களின் பதிவு

ஒரு ஏக்கரைச் சற்றே தாண்டிய கொய்யாத் தோட்டத்தில், வரிசைக்கு வரிசை 6 மீட்டர், மரத்துக்கு மரம் 6 மீட்டர் என்ற இடைவெளியில் 11 வரிசைகளாக 115 மரங்கள் நிற்கின்றன. நட்ட நாளிலிருந்து ஏழு ஆண்டுகளாக வரிசைகளுக்கு இடைப்பட்ட நிலத்தை ஒரு களைகூட இல்லாமல் உழுது வைத்திருப்பதையே நல்ல பராமரிப்பு என்று நான் கருதி வந்தேன். மழை பெய்து முடிந்த அரைமணி நேரத்தில் அந்த இடைநிலம் முழுவதும் கலங்கல் நீர் தேங்கி, பிறகு தாழ்ந்த மூலையை நோக்கி ஓடுவதையும், இரண்டு நாள் வெயிலில் மேல்மண் ஓடு போல இறுகி வெடிப்பதையும் பார்த்துப் பழகிவிட்டதால், அது மண்ணின் இயல்பு என்றே நினைத்திருந்தேன். அந்த எண்ணம் தவறு என்பதை ஓர் எளிய சோதனை காட்டியது. அதன் பிறகு இரண்டு மழைக்காலங்களில் நிலத்தை மூடி வளர்ந்து மண்ணைக் காக்கும் பயறுவகை மூடுபயிர்களை விதைத்து, வெட்டி, அளந்து பார்த்தேன். தவறாகச் செய்தவற்றையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

சோதனைக்குத் தேவைப்பட்டது 15 செ.மீ. விட்டமுள்ள ஓர் இரும்புக் குழாய்த் துண்டும், அளவுக் குவளையும், கடிகாரமும்தான். குழாயை மண்ணில் 7 செ.மீ. ஆழத்துக்கு மரத்துண்டு வைத்துத் தட்டி இறக்கி, உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து 440 மி.லி. நீரை ஊற்றி, தாளை மெல்ல உருவிவிட வேண்டும். அந்த விட்டத்துக்கு இது 2.5 செ.மீ. மழைக்குச் சமம். முதல் முறை ஊற்றும் நீர் மண்ணின் வறட்சியைத் தணிப்பதில் செலவாகிவிடுவதால், அது இறங்கிய பின் இரண்டாம் முறை ஊற்றும் நீர் முழுவதும் மறைய எடுக்கும் நேரத்தையே குறித்துக்கொள்ள வேண்டும். இடைநிலத்தின் நடுவில் எனக்குக் கிடைத்த அளவு 41 நிமிடம். நான்கு அடி தள்ளி, பல ஆண்டுகளாக உதிர்ந்த இலைகள் மட்கிக் கிடக்கும் மரநிழலில் அதே குழாயில் அதே அளவு நீர் 9 நிமிடத்தில் இறங்கியது. இரண்டும் ஒரே மண்; ஒன்றை நான் உழுதேன், மற்றொன்றில் கலப்பை நுழைய முடியவில்லை, வேறுபாடு அவ்வளவுதான்.

மண் ஆய்வில் கார அமில நிலை 6.8 என்றும் கரிமம் 0.4 விழுக்காடு என்றும் வந்திருந்தது. முதல் எண் எனக்கு நிம்மதி தந்தது. அமிலத்தன்மை மிகுந்து 5.5-க்குக் கீழே போகும் மண்ணில் பயறுவகைச் செடிகளின் வேரில் முடிச்சுகள் உருவாவதே தடைப்படும். அங்கே சுண்ணாம்பு இட்டுச் சரிசெய்யாமல் விதைப்பது வீண்வேலை.

எந்தப் பயிரை விதைப்பது என்பதில் ஒரு வாரம் யோசித்தேன். பூனைக்காலி நிலத்தை அடர்த்தியாக மூடும் என்றாலும் எட்டிய கிளையையெல்லாம் பற்றி ஏறும். காய்விடும் வரை விட்டால் அதன் சுணை தோலில் பட்டு அரிப்பு உயிரை வாங்கும். தக்கைப்பூண்டு நீர் தேங்கும் நிலத்துக்கும் உவர் நிலத்துக்கும் ஏற்றது. என் நிலத்தில் நீர் தேங்குவது ஓடு இறுகியதால்தானே தவிர, அடியில் வடிகால் இல்லாததால் அன்று. கொளுஞ்சி வறட்சியைத் தாங்கும், ஆனால் விதைத்தோல் கடினமானது, முளைப்பும் தொடக்க வளர்ச்சியும் மெதுவானவை. க்ளோவர், வெட்ச் என்ற பயறுவகைச் செடிகள் குளிர்ப்பகுதி ஆப்பிள், பேரித் தோட்டங்களுக்கு உரியவை. நிலையாகத் தரையோடு படர்ந்து கிடக்கும் காட்டு நிலக்கடலை ஆண்டு முழுவதும் ஈரம் கொடுக்க முடிந்தவர்களுக்குப் பொருந்தும். எனக்கு வேண்டியது மழையோடு முளைத்து, மழை முடிவதற்குள் கதையை முடித்துக்கொள்ளும் பயிர். ஆகவே நிமிர்ந்து வளர்ந்து ஆணிவேரை ஆழமாக இறக்கும் சணப்பையும், அதன் அடியில் நிலத்தை மூடும் தட்டைப்பயறையும் கலந்து விதைப்பது என்று முடிவு செய்தேன்.

மரத்தின் தூரிலிருந்து இருபுறமும் 1.25 மீட்டரைக் காலியாக விட்டபின், ஒவ்வோர் இடைநிலத்திலும் 3.5 மீட்டர் அகலமுள்ள பட்டை கிடைத்தது. 64 மீட்டர் நீளத்தில் 10 பட்டைகள் என்றால் மொத்தம் 2,240 சதுர மீட்டர். பசுந்தாள் உரத்துக்காகச் சணப்பைத் தனியாக விதைத்தால் எக்டேருக்கு ஏறத்தாழ 30 கிலோ வேண்டும் என்ற கணக்கில் இந்தப் பரப்புக்கு 7 கிலோ ஆகும். கலப்பாக விதைத்ததால் சணப்பு 5 கிலோவும் தட்டைப்பயறு 2 கிலோவும் எடுத்துக்கொண்டேன். மரங்கள் நிற்கும் நிலத்தில் மூடுபயிர் பாதிக்குச் சற்று மேற்பட்ட பரப்பையே பிடிக்கிறது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எக்டேருக்கு இவ்வளவு தழைச்சத்து (நைட்ரஜன்) கிடைக்கும் என்று படிக்கும் எண்களை அப்படியே தோட்டத்துக்குப் பொருத்திவிடுவதால்தான் பலர் உரக் கணக்கில் ஏமாறுகிறார்கள். முதலாண்டில் நானும் ஏமாந்தேன்.

விதையை, வேர் முடிச்சில் வாழும் பாக்டீரியாவான ரைசோபியத்தின் கலவையில் நேர்த்தி செய்தேன். 200 கிராம் பொட்டலம் 10 கிலோ விதைக்குப் போதும். நன்றாக ஆறிய கஞ்சியில் குழைத்து விதை முழுவதும் பூசி, நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி, அன்றைக்கே விதைத்துவிட வேண்டும். வெயிலில் உலர்த்தினால் பாக்டீரியாக்கள் செத்துவிடும். பயறுவகைச் செடிகள் காற்றிலுள்ள நைட்ரஜனைத் தாமே எடுத்துக்கொள்கின்றன என்று உலகம் நீண்டகாலம் ஊகித்துத்தான் வந்தது. 1886-இல் ஜெர்மனியின் ஹெர்மன் ஹெல்ரீகல், ஹெர்மன் வில்ஃபார்த் இருவரும், நுண்ணுயிர் நீக்கிய மணலில் தழைச்சத்தின்றித் தவித்த பட்டாணிச் செடி சிறிது மண் கரைசலை ஊற்றியதும் தழைத்ததைக் காட்டி, வேர் முடிச்சுகளே அதற்குக் காரணம் என்று நிறுவினார்கள். 1888-இல் நெதர்லாந்தின் மார்ட்டினஸ் பெய்ஜரிங்க் அந்த முடிச்சிலிருந்து பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொண்டு, ஒப்பீட்டுக்காக ஒரு பட்டையில் மட்டும் நேர்த்தி செய்யாத விதையைத் தூவினேன். என் நிலத்தில் இரண்டுக்கும் இடையே சொல்லும்படியான வேறுபாடு தெரியவில்லை. தட்டைப்பயறுக்கும் சணப்புக்கும் ஒத்துப்போகும் வகைப் பாக்டீரியா காட்டுப் பயறுச் செடிகள் முளைக்கும் வெப்பநிலங்களில் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். க்ளோவர், குதிரைமசால் போன்றவற்றுக்கு அவற்றுக்கே உரிய இனம் தேவைப்படுவதால், அவற்றைப் புதிதாக ஒரு நிலத்தில் விதைப்பவர் நேர்த்தியைத் தவிர்க்கக் கூடாது.

முதல் விதைப்பு பாழானது. மழைக்கு முதல் நாள் இறுகிய ஓட்டின்மேல் அப்படியே தூவிவிட்டேன். மழை விதைகளை அடித்துக்கொண்டு போய்ப் பள்ளத்தில் குவித்தது, மிஞ்சியதை எறும்புகளும் புறாக்களும் பங்கிட்டுக்கொண்டன. பத்து நாள் கழித்து, இரண்டு நல்ல மழைகள் பெய்து மண் இளகிய பிறகு, கொத்துக்கலப்பையால் 3 செ.மீ. ஆழம் மட்டும் கீறி மீண்டும் விதைத்து, முட்கிளை ஒன்றை இழுத்து மூடினேன். ஐந்தாம் நாள் முளைப்பு சீராக வந்தது.

32-ஆம் நாள் வேர் பார்த்தேன். செடியைப் பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும் என்பதால், மண்வெட்டியால் ஒரு கட்டியாக வெட்டியெடுத்து வாளி நீரில் ஊறவிட்டு அலசினேன். பட்டையின் நடுவில் எடுத்த செடிகளில் ஒவ்வொன்றிலும் இருபது, முப்பது முடிச்சுகள் இருந்தன. நகத்தால் கீறிப் பார்த்தால் உட்புறம் இளஞ்சிவப்பாக இருந்தது. அந்த நிறத்தைத் தருவது லெக்ஹீமோகுளோபின் என்ற இரும்புச்சத்துள்ள புரதம். காற்றிலுள்ள நைட்ரஜனை மாற்றும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். அதே நேரம் பாக்டீரியா உயிர்வாழ ஆக்சிஜன் வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஆக்சிஜனை அளந்து கொடுக்கும் வேலையை அந்தப் புரதம் செய்கிறது. உள்ளே வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் முடிச்சு இன்னும் வேலையைத் தொடங்கவில்லை அல்லது முடித்துவிட்டது என்று பொருள்.

நான் எதிர்பாராதது பட்டையின் ஓரங்களில் கிடைத்தது. சொட்டுநீர்க் குழாயை ஒட்டி வளர்ந்த செடிகள் நடுவில் இருந்தவற்றைவிடக் கரும்பச்சையாக, ஒரு சாண் உயரமாக நின்றன. பார்த்த எவரும் அவற்றைத்தான் நல்ல செடி என்று சொல்லியிருப்பார்கள். வேரை அலசினால் மூன்றோ நான்கோ சிறு முடிச்சுகள் மட்டும் இருந்தன. சொட்டுநீரோடு நான் கரைத்துவிட்ட யூரியாவை அவை உண்டு கொழுத்திருந்தன. மண்ணில் நைட்ரேட் தாராளமாகக் கிடைக்கும்போது, தன் சர்க்கரையைச் செலவழித்துப் பாக்டீரியாவைப் பேண வேண்டிய தேவை செடிக்கு இல்லை. அப்படிப்பட்ட செடியை வெட்டிப் போட்டாலும் தழைச்சத்து கிடைக்கும்தான். ஆனால் அது நான் கொடுத்த உரம் எனக்கே திரும்பி வருவது, புதிய வரவு அன்று. மூடுபயிர் வளரும் ஆறு வாரமும் யூரியாவை நிறுத்திவைக்கும் வழக்கம் அன்றுமுதல் வந்தது.

அதே நாளில் மற்றொன்றையும் கண்டேன். தட்டைப்பயறு வேர்களில் சில வீக்கங்கள் விரலால் தள்ளியும் உதிரவில்லை. பாக்டீரியா முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டவைத்த மணி போல இருக்கும், தேய்த்தால் கழன்று வரும். வேர்முடிச்சு நூற்புழுவால் வரும் வீக்கமோ வேரே பருத்துக் கோணலாகியிருப்பது. கொய்யா அந்த நூற்புழுவுக்கு எளிதில் இரையாகும் மரம். தட்டைப்பயறின் பல இரகங்கள் நூற்புழுவைப் பெருக்கிவிடக்கூடியவை. சணப்பில் அது பெரும்பாலும் இனம் பெருக்க முடிவதில்லை. வீக்கம் தென்பட்ட மூன்று பட்டைகளிலும் தட்டைப்பயறைக் கையோடு பிடுங்கி வெளியேற்றினேன். அடுத்த பருவத்தில் அங்கே சணப்பு மட்டும் விதைத்தேன். பயறுவகை என்றாலே மண்ணுக்கு நல்லது என்ற பொதுப்பேச்சை நான் இப்போது அப்படியே ஏற்பதில்லை. அடியில் என்ன பூச்சி இருக்கிறது, மேலே என்ன மரம் நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் எந்தப் பயறு என்ற கேள்விக்கே இடமுண்டு.

நான்காம் வாரம் தட்டைப்பயறின் குருத்துகளில் கறுப்பு அசுவினி மொய்த்தது. மருந்து அடிக்கவில்லை, பத்து நாளில் பொறிவண்டுகளும் அவற்றின் புழுக்களும் வந்து கணக்கை நேர்செய்தன. நான் வாங்கிய இரகம் குத்துச்செடி என்று சொல்லப்பட்டாலும் சில கொடிகள் தாழ்ந்த கிளைகளில் ஏறின. வாரம் ஒருமுறை நடந்துபோய் அறுத்துவிட வேண்டியிருந்தது.

இனி, அந்தப் பருவத்தின் பெரிய தவறு. 45-ஆம் நாளில் சணப்பு பூக்கத் தொடங்கியது. மஞ்சள் பூக்களும் தேனீக்களுமாகத் தோட்டம் அழகாக இருந்தது, மழையும் விடவில்லை, இன்னும் பத்து நாள் விட்டால் இன்னும் தழை சேரும் என்று தள்ளிப்போட்டேன். வெட்டத் தொடங்கியபோது 78-ஆம் நாள். தண்டு விரல் பருமனில் மரமாகியிருந்தது. கையில் பிடித்து வெட்டும் புதர்வெட்டும் இயந்திரத்தில் நைலான் நூலைப் பொருத்தியிருந்தேன்; கால்மணி நேரத்துக்கு ஒருமுறை சுழலும் தண்டைச் சுற்றி நார் திரண்டு இயந்திரம் நின்றுபோனது. கயிறு திரிக்கவே ஒரு காலத்தில் வளர்க்கப்பட்ட செடி கயிறாகிச் சுற்றிக்கொண்டதில் வியப்படைய எதுவும் இல்லை, ஆனால் கத்தியால் அந்த நாரை அறுத்தெடுத்துக்கொண்டிருந்த எனக்கு அந்த நிதானம் அப்போது இல்லை. ஐந்து பட்டைகளை எப்படியோ வெட்டி முடித்து மண்ணின்மேல் மூடாக்காகவே விட்டேன். பொறுமை தீர்ந்து, மற்ற ஐந்து பட்டைகளைச் சுழல்கலப்பை விட்டு 15 செ.மீ. ஆழத்துக்கு மடக்கி உழுதுவிட்டேன். மூடுபயிர் போட்டாயிற்று என்ற துணிவில் அந்த ஆண்டு யூரியாவையும் பாதியாகக் குறைத்தேன்.

ஐந்து வாரத்தில் மடக்கி உழுத பட்டைகளின் இருபுற மரங்களிலும் முதிர்ந்த இலைகள் வெளிறின. மூடாக்காக விட்ட பக்கத்தில் அவ்வளவு வெளிறவில்லை. ஒரே விதை, ஒரே வயது, ஒரே உரக்குறைப்பு என்பதால் இந்த வேறுபாடு எனக்கு மிகவும் பயனுள்ளதாக இருந்தது. இதில் இரண்டு காரணங்கள் சேர்ந்து வேலை செய்தன. இளம் சணப்பு இலையில் ஒரு பங்கு நைட்ரஜனுக்குப் பதினைந்து பங்குக்குள்தான் கரிமம் இருக்கும். முற்றிய தண்டிலோ அது நாற்பதைத் தாண்டிவிடும். இருபத்தைந்துக்கு மேற்பட்ட கரிமமுள்ள பொருளை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் தம் உடலைக் கட்டத் தேவையான நைட்ரஜன் அதில் போதாமையால், சுற்றியுள்ள மண்ணிலிருந்து இழுத்துக்கொள்ளும். மண்ணின்மேல் கிடக்கும் தழை மண்ணைத் தொடும் மெல்லிய அடுக்கில் மட்டுமே இது நடக்கும். மடக்கி உழுதால் 15 செ.மீ. ஆழம் முழுவதும் நடக்கும். மரத்துக்குக் கொடுக்க வேண்டியதைச் சில வாரங்களுக்கு மண்ணே கடனாக எடுத்துக்கொண்டது என்று சொல்லலாம்.

இரண்டாவது காரணத்தை உழுத மண்ணிலேயே பார்த்தேன். புரண்ட கட்டிகளில் வெள்ளை நூல் போன்ற மெல்லிய வேர்கள் அறுந்து தொங்கின. அவை சணப்பின் வேர்கள் அல்ல, கொய்யாவின் உணவு வேர்கள். பழமரங்களின் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல் 30 செ.மீ. மண்ணில்தான் பரவிக் கிடக்கிறது. வயலில் பசுந்தாள் பயிரை மடக்கி உழுவது சரியான முறை, ஏனெனில் அங்கே அறுபட வேறு வேர் இல்லை. தோட்டத்தில் அதே முறையைப் பின்பற்றினால், ஊட்டம் கொடுக்க வந்த நாளிலேயே ஊட்டத்தை வாங்க வேண்டிய வேர்களை வெட்டுகிறோம். ஏழு ஆண்டுகளாக நான் இதைத்தான் ஆண்டுக்கு நான்கு முறை செய்துவந்தேன் என்பதை அந்தக் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் உணர்ந்தேன்.

இரண்டாம் மழைக்காலத்தில் சுழல்கலப்பையைத் தோட்டத்துக்குள் விடவில்லை. மண் இளகிய பின் மேலாகக் கீறி விதைத்தேன். நாட்காட்டியில் வெட்டும் நாளை முதலிலேயே குறித்துவைத்தேன். பத்தில் ஒரு செடி பூவெடுத்ததும், 46-ஆம் நாளில், வெட்டத் தொடங்கினேன். நைலான் நூலுக்குப் பதிலாக உலோகத் தகடு. தண்டு அப்போது பென்சில் அளவு இருந்ததால் ஒரு பட்டை முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. இரண்டு பட்டைகளில் மட்டும், ஒரு பலகையின் அடியில் கோண இரும்பை ஆணியடித்து, இருமுனையிலும் கயிறு கட்டி, காலால் மிதித்து மிதித்துத் தண்டை நசுக்கிச் சாய்த்துப் பார்த்தேன். சணப்பு பெரும்பாலும் சாய்ந்தபடியே காய்ந்தது. தட்டைப்பயறு நான்கே நாளில் கணுக்களிலிருந்து துளிர்த்துத் தலைதூக்கியது. ஆகவே சணப்பு மட்டும் உள்ள பட்டைக்கு மிதிபலகை போதும், கலப்பாக இருந்தால் வெட்டத்தான் வேண்டும். எல்லாப் பட்டைகளையும் ஒரே நாளில் வெட்டாமல் ஒன்றுவிட்டு ஒன்றாக வெட்டி, மற்றவற்றை எட்டு நாள் கழித்து வெட்டினேன். பொறிவண்டுகள் மரத்துக்கும் மீதமுள்ள பட்டைக்கும் நகர்வதற்கு அந்த இடைவெளி. பூத்த மூடுபயிர் இருக்கும்போது பூச்சிமருந்து அடிக்க வேண்டிய நிலை வந்தால், அது எந்த மரமானாலும் முதலில் பூவை வெட்டிவிட வேண்டும். தேனீக்கள் அங்கேதான் இருக்கும்.

வெட்டும் முன் ஐந்து இடங்களில் ஒரு சதுர மீட்டர் சட்டத்தை வைத்து, உள்ளே இருந்ததை அறுத்து எடைபோட்டேன். சராசரி 1.7 கிலோ. அதில் 200 கிராமை எடை மாறாத நிலை வரும் வரை உலர்த்தியதில் 40 கிராம் மிஞ்சியது. ஐந்தில் ஒரு பங்கு உலர்பொருள். சதுர மீட்டருக்கு 340 கிராம் உலர்பொருளில் இந்த வயதில் இரண்டரையிலிருந்து மூன்று விழுக்காடு நைட்ரஜன் என்று கொண்டால், 2,240 சதுர மீட்டருக்கும் சேர்த்து 19 முதல் 23 கிலோ வரை வரும். மரத்துக்குப் பிரித்தால் 165 முதல் 200 கிராம், யூரியாவாகச் சொன்னால் சற்றேறக்குறைய 400 கிராம். தாளில் பார்த்தால் இது மகிழ்ச்சியூட்டும் எண். ஆனால் அதில் ஒரு பகுதி காற்றிலிருந்து வந்ததன்று, மண்ணிலிருந்தே எடுக்கப்பட்டது. மேலே கிடந்து காயும் தழையிலிருந்து ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றோடு போகும். எஞ்சியதிலும் ஏறத்தாழ பாதிதான் அந்தப் பருவத்துக்குள் மரத்துக்கு எட்டும் வடிவத்துக்கு வரும். எல்லாவற்றையும் கழித்துவிட்டு, இரண்டாம் ஆண்டில் யூரியாவைப் பாதியாகக் குறைக்காமல் மூன்றில் ஒரு பங்கு மட்டும் குறைத்தேன். இலைகள் நிறம் மாறவில்லை.

காலத்தையும் கணக்கில் எடுத்தேன். இளம் தழை வெட்டிய இரண்டாம் வாரத்திலிருந்து ஆறு, ஏழு வாரம் வரை வேகமாக மட்கும். கொய்யா புதுத் துளிரில் பூவெடுக்கும் மரம். ஆகவே மூடுபயிரை வெட்டிப் பத்து நாளில் கவாத்து செய்தால், துளிர் எழும் நேரமும் தழைச்சத்து வெளிவரும் நேரமும் ஒத்துப்போகின்றன. முதிர்ந்த கிளைநுனியில் பூக்கும் மாமரத்துக்கு இதே கால அட்டவணை கேடு செய்யும். பூக்கும் பருவத்துக்கு முன் தழைச்சத்து திடீரென்று கிடைத்தால் பூங்கொத்துக்குப் பதில் இலைத்துளிர் வந்துவிடும் என்பதால், மாந்தோப்பில் அறுவடைக்குப் பிந்தைய துளிர்ப்போடு இதைச் சேர்க்க வேண்டும். ஆப்பிளில் காய் முதிரும் காலத்தில் தழைச்சத்து வந்தால் நிறம் குறையும், சேமிப்பில் தரமும் கெடும்.

வெட்டிய தழையை விழுந்த இடத்தில் விடாமல், வாரிப் பல்லால் இழுத்து மரத்தின் கிளைவிளிம்புக்கு நேர்கீழே கொண்டுவந்து பரப்பினேன். உணவு வேர்கள் அடர்ந்திருப்பது அங்கேதான். தூரைச் சுற்றி இரண்டடி மட்டும் வெறுமையாக விட்டேன். முதலாண்டில் இந்த ஒழுங்கில்லாமல் தூர் வரை குவித்ததில், இரண்டு மரங்களில் எலி பட்டையைக் கொறித்திருந்தது. ஈரம் தங்கிய இன்னொரு மரத்தின் அடிப்பட்டை கருமையாகி மணம் மாறியிருந்தது. மூடாக்கு வந்தபிறகு பாம்புகளின் வரத்தும் கூடியதால், முழங்கால் வரை காலணி இல்லாமல் உள்ளே போவதில்லை.

வெயில் ஏறிய ஒரு பிற்பகலில் 5 செ.மீ. ஆழத்தில் வெப்பமானியைச் செருகிப் பார்த்தேன். வெற்று மண் 43 பாகை. தழைக்கு அடியில் 32. மூன்று நாளுக்கு ஒருமுறை விட்ட சொட்டுநீரை நான்கு நாளுக்கு ஒருமுறை விட முடிந்தது. ஆனால் இது வெட்டிய பிறகு கிடைத்த மிச்சம். உயிரோடு நிற்கும் மூடுபயிர் நீரைக் குடிக்கும் பயிர்தான். முதலாண்டில் 78 நாள் வரை விட்டபோது கடைசி இரண்டு வாரம் மழை குறைந்துவிட்டதால், மண்வெட்டிக்கு ஒரு முழம் ஆழம் வரை ஈரமே தட்டுப்படவில்லை. நட்டு ஓரிரு ஆண்டே ஆன இளங்கன்றுகள் உள்ள தோட்டத்தில், இந்தப் போட்டிக்காகவே காலிவட்டத்தை இன்னும் பெரிதாக விட வேண்டும்.

இரண்டாம் மழைக்காலம் முடிந்து, ஒரு நல்ல மழைக்கு இரண்டு நாள் கழித்து, அதே குழாயை எடுத்துக்கொண்டு அதே இடங்களில் மீண்டும் அளந்தேன். 41 நிமிடமாக இருந்த நடுப்பட்டை 13 நிமிடத்துக்கு வந்திருந்தது. முதலாண்டில் மடக்கி உழுத பட்டைகளில் சராசரி 29 நிமிடம். உழாமல் விட்டதற்கும் ஒருமுறை உழுததற்கும் இடையிலான அந்த 16 நிமிடத்தை நான் தழைச்சத்துக் கணக்கைவிடப் பெரிதாக மதிக்கிறேன். யூரியாவை வாங்கிப் போடலாம், மழையை மண்ணுக்குள் இறக்குவதற்கு மண்ணைத் தவிர வேறு வழியில்லை. அடியில் தழை விலக்கிப் பார்த்தால் மண்புழுக் கழிவு சிறு குவியல்களாகக் கிடந்தது, 30 செ.மீ. கனசதுரக் குழியில் முன்பு ஒரு புழுவும் இல்லாதிருந்த இடத்தில் ஏழு எண்ணினேன்.

மண் ஆய்வில் கரிமம் மட்டும் அசையவில்லை, மீண்டும் 0.4 என்றே வந்தது. ஏமாற்றத்தோடு உட்கார்ந்து கணக்குப் போட்டபோது, அது அசைந்திருக்கவே முடியாது என்று தெரிந்தது. ஓர் எக்டேரில் 15 செ.மீ. ஆழ மண்ணின் எடை ஏறத்தாழ 2,100 டன், அதில் 0.1 விழுக்காடு கரிமம் உயர வேண்டுமானால் 2.1 டன் கரிமம் மண்ணில் தங்க வேண்டும். என் பட்டையின் கணக்கில் எக்டேருக்கு 3.4 டன் உலர்பொருள், அதில் கரிமம் 1.4 டன், அதிலும் மூன்றில் இரண்டு பங்கு முதலாண்டிலேயே நுண்ணுயிர்களின் மூச்சாகிக் காற்றில் கலந்துவிடும். ஆண்டுக்கு 0.02 விழுக்காட்டை ஒட்டிய உயர்வை ஆய்வகத்தின் இயல்பான ஏற்ற இறக்கமே மறைத்துவிடும். ஐந்தாம் ஆண்டுக்கு முன் அந்த ஆய்வுக்கு மண் அனுப்புவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

ஒரு இடம் மட்டும் இன்னும் வழிக்கு வரவில்லை. மருந்து தெளிக்கும் வண்டியின் சக்கரம் ஓடும் இரண்டு தடங்களில் நீர் இறங்க 36 நிமிடம் ஆகிறது. நடுப்பட்டையில் தோண்டியெடுத்த சணப்பின் ஆணிவேர் முழங்கை நீளத்துக்கு நேராக இறங்கியிருக்க, தடத்தில் எடுத்த வேர்கள் ஒரு சாண் ஆழத்துக்குள்ளேயே செங்கோணத்தில் திரும்பிப் பக்கவாட்டில் ஓடியிருந்தன. அடியில் சுத்தியலால் தட்டினாற்போல இறுகிய அடுக்கு. ஈரம் இருக்கும் நாளில் வண்டி ஏற்றுவதை நிறுத்தியிருக்கிறேன். தெளிப்புக் குழாயை நீட்டி, ஒன்றுவிட்டு ஒரு பட்டையில் மட்டும் வண்டியை ஓட்டுகிறேன். சக்கரம் படாமல் விடப்பட்ட ஐந்து பட்டைகளின் பழைய தடங்களில் கடப்பாரையால் இரண்டடிக்கு ஒரு துளை போட்டு, துளைக்கு நான்கு சணப்பு விதையைப் போட்டு மூடியிருக்கிறேன். அவற்றில் ஒன்றை 40-ஆம் நாள் தோண்டிப் பார்க்க வேண்டும்.